மருந்து தொடங்கியாச்சு: சிகரட்டை எப்படி விடுவது, சாராயத்தை எப்படி விடுவது?

கசநோய்க்குப் பொதுவாக ஆறு மாத மருந்து. இந்தக் காலத்தில் சிகரட்டையும் சாராயத்தையும் ஒரே மாதிரி நிறுத்திவிடலாம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் வழி வேறு.

சிகரட்டையும் பீடியையும் குறைப்பதைவிட, நாள் குறித்து முழுதாக விடுவதே நல்லது. பத்தை ஐந்தாக்கியவர் அந்த ஐந்தையும் ஆழமாக இழுப்பார். நெஞ்சுக்குள் போகும் புகை பாதியாகாது. புகைப்பவருக்குக் குணமான நோய் திரும்பும் ஆபத்தும் கூட.

மாத்திரை வேணுமா? பாகிஸ்தானில் கசநோய்ச் சந்தேகத்தோடு வந்த புகைபிடிப்பவர்களிடம் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 8.5 சதவீதத்தினரே ஆறு மாதம் புகைக்காமல் இருந்தார்கள். உட்காரவைத்துப் பேசி, நாள் குறித்துக் கொடுத்தவர்களில் 41 சதவீதம். அதோடு புப்ரோபியோன் மாத்திரையும் கொடுத்தபோது 45.4. கசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் வலுவையும் குறைக்கும். ஆகவே முதலில் பேச்சுத்தான். கல்முனை மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள். போக முடியாத நாளில், புகையை விட உதவும் 1948 இலக்கத்துக்கு அழையுங்கள்.

சாராயத்தில் பெரிய சிக்கல் மறைப்பு. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ குடிக்கிற ஒருவர், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் கிளினிக்கிலும் "இல்லை" என்றே சொல்வார். கசநோய் மருந்துகளான ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே ஈரலைத் தாக்கக்கூடியவை. குடியும் சேர்ந்தால் கண் மஞ்சளாகி மருந்தையே நிறுத்த வேண்டி வரலாம். தயவுசெய்து வைத்தியரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். அவர் கேட்பது ஈரலுக்காக, ஈமானை அளக்க அல்ல.

எப்போதாவது குடிப்பவர் இன்றைக்கே நிறுத்தலாம். தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள்: நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வந்து உயிரே போகலாம். அவருக்கு வைத்தியசாலைதான் சரி. குடியை மறக்கச் செய்யும் மாத்திரையைக் கறியில் கலந்து கொடுப்பது இன்னும் மோசம். அது டைசல்ஃபிராமாக இருந்தால், ஐசோனியாசிட்டோடு சேர்ந்து மனநிலையைக் குலைத்துவிடலாம்.

நோன்பு மாதம் புகையை விட நல்ல தருணம். பகல் எப்படியும் கழிந்துவிடும். கஷ்டம் நோன்பு திறந்த பிறகுதான். அந்த நேரம் காக்காவோ மச்சானோ கூடவே இருக்கட்டும். நோன்பு பிடிக்கலாமா, மாத்திரையை எந்த நேரம் குடிப்பது என்று மாதம் பிறக்க முன்னமே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.