பருந்து வேண்டுமா, பருந்துக்கு வேலை செய்ய வேண்டுமா?

ஃபால்கன்ரி அப்ரென்டிஸ் ஆகட்டுமா, இல்லை காட்டுயிர் மறுவாழ்வு மையத்தில் வாலன்டியராகச் சேரட்டுமா என்று கேட்டாய். மினசோட்டாவில் இருக்கிறாய், இரண்டுக்கும் வழி உண்டு. அதற்கு முன் இதைச் சொல் தம்பி: பருந்து ஒரு முயலை அமுக்கிப் பிடித்திருக்கிறது; முயல் கத்துகிறது. குனிந்து, உன் கையால் அதன் உயிரைச் சட்டென்று போக்க முடியுமா? ஃபால்கன்ரி என்றால் வேட்டை. ஹன்டிங் லைசென்ஸும் எடுத்தாக வேண்டும். மனசு ஒப்பவில்லை என்றால் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போய்விடு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒப்புகிறதா? அப்படியானால் பறவையைத் தேடாதே, ஆளைத் தேடு. ஸ்பான்சர் இல்லாமல் அப்ரென்டிஸ் ஆக முடியாது. அவர் அப்ரென்டிஸுக்கு அடுத்த ஜெனரல் நிலையில் குறைந்தது 2 வருடம் இருந்தவராக இருக்க வேண்டும். மாநில ஃபால்கனர்கள் சங்கக் கூட்டத்துக்குப் போ. ஒரு சீசன் முழுக்க அடுத்தவர் பருந்துக்காகப் புதரைத் தட்டி முயல் கிளப்பு. கேட்டதும் சரி என்று சொல்கிற ஸ்பான்சரைவிட, நாலு தடவை அலைய விட்டுப் பார்க்கிறவரே மேல். அப்புறம் எழுத்துத் தேர்வு, 80 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். கூண்டையும் சாமான்களையும் அதிகாரி வந்து பார்ப்பார். இலையுதிர் காலத்தில், எலியை உள்ளே வைத்து மேலே சுருக்குக் கண்ணி கட்டிய கம்பிக் கூண்டோடு போய், அந்த வருடம் பிறந்த செவ்வால் பருந்து ஒன்றை நீயே பிடிப்பாய். அப்ரென்டிஸ் காலம் 2 வருடம், கையில் ஒரே பறவை.

பிடிப்பது பெரிய வேலை இல்லை, அதற்குப் பிறகு தினமும் தராசுதான். கிலோ சொச்சம் எடையுள்ள பருந்து நாற்பது ஐம்பது கிராம் ஏறிவிட்டால் மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டு உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பசிக்கட்டும் என்று குறைத்துக்கொண்டே போனாலோ, உங்கள் ஊர் ஜனவரிக் குளிரில் ஒரே ராத்திரியில் போய்விடும். தராசு காட்டும் எண்ணை மட்டும் நம்பாதே. மார்பெலும்பை விரலால் தடவி இரண்டு பக்கச் சதையையும் பார்க்கப் பழகு. ஃப்ரீசரில் காடையும் செத்த எலியும் இருக்கும் என்பதை அம்மா வருவதற்கு முன்பே சொல்லிவிடு. டிசம்பரில் ஒரு மாதம் மதுரைக்குப் போகிற பழக்கத்தையும் மறந்துவிடு. வேட்டை சீசனே அப்போதுதான்.

மறுவாழ்வு மையத்துக்கு வருவோம். உங்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்திலேயே 1974 முதல் ராப்டர் சென்டர் நடக்கிறது. எந்த மையமானாலும் ஆரம்பத்தில் பருந்தைத் தொட விடுவார்கள் என்று எண்ணாதே: துணி துவைப்பது, எச்சம் கழுவுவது, எலி நறுக்குவது. பாட்டுப் பறவைக் குஞ்சுகளை எடுக்கிற மையம் என்றால், கோடையில் அரை மணிக்கொரு தரம் வாயில் இரை வைக்க வேண்டும். கொஞ்சக் கூடாது, பேசக் கூடாது; மனிதப் பழக்கம் அவற்றுக்கு ஆகாது. மான் வேட்டை முடிந்ததும் ஈய விஷம் ஏறிய வெண்தலைக் கழுகுகள் வரும். வேட்டைக்காரர் விட்டுப்போன மான்குடலில் இருக்கும் தோட்டாத் துணுக்கைத் தின்றவை. தலையைத் தூக்க முடியாமல் கிடக்கும். பலவற்றைக் காப்பாற்ற முடியாது, ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். இதைத் தாங்குவாயா என்பதுதான் இந்தப் பக்கத்துக் கேள்வி.

ரக்கூன், வௌவால் எடுக்கிற இடமாக இருந்தால் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் கை வைக்காதே. அடிபட்ட பறவையை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கவும் கூடாது. வலசைப் பறவைகளைக் காக்கும் 1918-ஆம் வருடச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், முதலில் ஒரு வருடம் மையத்துக்குப் போ. பிடிக்காவிட்டால் விலகலாம், கையில் பிடித்த பருந்தை நடுக் குளிர்காலத்தில் விட்டுவிட்டு விலக முடியாது. அந்த மணிக்கணக்கு ஃபால்கன்ரிக்குச் சேராதுதான். ஆனால் 18 வயதுக்கு மேல் நீயே மறுவாழ்வு பெர்மிட் கேட்பதானால் 100 மணி நேர அனுபவம் கேட்பார்கள், அதற்கு உதவும். இரண்டு கூட்டமும் எதிரெதிர் என்றும் நினைக்காதே. டிடிடி பூச்சிக்கொல்லியால் அழியப் போன பெரிகிரின் ராஜாளியைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து மீட்டதில் ஃபால்கனர்களுக்குப் பெரிய பங்கு; 1999-இல் அது ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. குணமான பருந்துக்குப் பறக்கப் பயிற்சி கொடுத்து மையத்துக்கு உதவ இன்றைக்கும் ஜெனரல், மாஸ்டர் ஃபால்கனர்களுக்கு அனுமதி உண்டு. அப்ரென்டிஸுக்குக் கிடையாது.

மையங்களில் கோடைக்கான ஆட்களைக் குளிர்காலத்திலேயே எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். செமஸ்டர் முடியட்டும் என்று இருக்காமல் இப்போதே விண்ணப்பம் போடு, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்.