மரத்தடிகளை அடுக்க ஒரு மேடை

வரப்பில் வளர்ந்த தேக்கு, வேம்பு, மா முதலிய மரங்களை வெட்டித் தோட்டத்திலேயே அறுத்துக்கொள்ள விரும்பும் உழவர்கள், வாள் எந்திரம் வருமுன் தடிகளுக்கு ஒரு மேடை அமைத்துக்கொள்ளுதல் நல்லது. மண்ணில் கிடக்கும் தடியைக் கரையான் அரிக்கும். பட்டையில் ஒட்டிய மணல் வாளின் பல்லை மழுங்கச் செய்யும். எந்திரம் நிறுவுவதானால் உரிமம் பற்றி வனத்துறையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்க.

முதலில் எடையை அறிய வேண்டும். சுற்றளவு 5 அடி, நீளம் 10 அடியுள்ள தடி, கால் சுற்றளவுக் கணக்கில் 15½ கன அடிதான். ஆனால் இக்கணக்கு உண்மை அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே காட்டும் (விற்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது). உண்மையில் அது 20 கன அடி. பச்சை மரமாயின் அரை டன் இருக்கும்.

சேகு பாய்ந்த கருவேலம் அல்லது வேம்பில், 8 அங்குலக் கனமும் 12 அடி நீளமும் உள்ள நேரான கட்டைகள் மூன்று போதும். அவற்றின் ஒரு முனை வாளை நோக்கியிருக்கட்டும். வெளிக்கட்டைகள் இரண்டுக்கும் இடையே 6 அடி விடவும். 6 அடிக் குட்டைத் தடிகளுக்காக, மூன்றாவதை ஒரு வெளிக்கட்டையிலிருந்து 4 அடியில் வைக்கவும். கட்டைகளின் அடியில் 4 அடிக்கு ஒரு கருங்கல் தாங்கல் வேண்டும். கயிறு பிடித்து மட்டம் பார்க்கவும். நடுக்கட்டை சிறிது உயர்ந்தாலும் நீளத் தடி அதன்மேல் தராசுபோல் ஆடும். மேடை தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருந்தால் கரையான் புற்று ஏறுவது கண்ணில் படும். வாள் பக்கம் 2 அங்குலச் சரிவு போதும். மிகுந்தால் தடி தானாக உருளும்.

இங்கேதான் உயிராபத்து உள்ளது. வாள் பக்கக் கட்டைமுனைகளில் இரும்புக் குழாய்களைச் செருகித் தடுப்பு அமைக்கவும். கல்லை முட்டுக் கொடுப்பது பலருடைய வழக்கம். அது நழுவும், நம்பக்கூடாது. குழாயைப் பக்கவாட்டில் நின்றே உருவ வேண்டும். கடப்பாரையால் நெம்புபவரும் தடியின் பின்னால்தான் நிற்க வேண்டும். உருளும் தடிக்கு முன்னால் நின்று கையால் தடுக்க முயன்றவர்கள் கால் இழந்திருக்கிறார்கள்.

தடி ஏற்றும் வேலையை எந்திரம் வருமுன் முடித்துவிடவும். பின்பக்கம் இரு கட்டைகளைச் சாய்த்துச் சரிவு அமைக்கவும். இரண்டு வடங்களின் ஒரு நுனியை மேடையில் கட்டி, தடியின் அடியில் செலுத்தி, மேலாகத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து ஏர்மாடுகளால் இழுக்கவும். இவ்வாறு இழுத்தால் சரிவில் நேராக இழுப்பதில் பாதி விசையே தேவைப்படும். தடுப்புக் குழாய்கள் அப்போதும் இருக்கட்டும். தடி ஏற ஏற, ஒருவர் பக்கத்தில் நின்று நீண்ட பிடியுள்ள ஆப்பை அதன் பின்னால் வைத்துக்கொண்டே வரவேண்டும்.

வெட்டுமுனைகளில் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசினால் வெடிப்பு குறையும். மா போன்ற வெள்ளை மரங்களை நாள் கடத்தாமல் அறுக்கவும். நீலம் பாய்ந்த பலகையை வாங்குவோர் குறைவு. தேக்கு சற்றுக் காத்திருக்கும்.