சிம்னி சத்தம் போடுகிறது, புகை போகவில்லையா?

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் என்ன செய்வீர்கள்? பவர் கார்டு சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அடுத்து எஸ்.எம்.பி.எஸ்., ராம் என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பீர்கள். எடுத்த எடுப்பிலேயே மதர்போர்டை மாற்ற மாட்டீர்கள். ஆனால் சமையலறையில் உள்ள எலெக்ட்ரிக் சிம்னி மக்கர் செய்தால் மட்டும், 'மோட்டார் போச்சு' என்று யாராவது சொல்வதை அப்படியே நம்பி விடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. நான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். மாதம் ஒரு முறை கள்ளக்குறிச்சிக்குப் போவேன். ஒரு முறை போனபோது அம்மா, "சத்தம் மட்டும் நல்லா வருதுப்பா, பொக அங்கயே நிக்குது" என்றார். வந்து பார்த்த மெக்கானிக் மோட்டாரை மாற்ற வேண்டும், 4,500 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருந்தார். அம்மா செலவுக்குப் பயந்து, தாளிக்கும்போது முந்தானையால் மூக்கை மூடிக் கொண்டு சமைத்து வந்தார்.

மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும், அடுத்த மாதமே கல்வராயன் மலையில் இதே புகாருக்கு முற்றிலும் வேறு காரணம் இருந்ததையும் பார்ப்போம்.

இரண்டு பாதைகள்

சிம்னிக்குள் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று காற்றுப் பாதை. அடுப்பிலிருந்து எழும் புகை ஃபில்டர் வழியாக உள்ளே போய், ப்ளோயர் சக்கரத்தால் தள்ளப்பட்டு, டக்ட் எனும் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே போகிறது. குழாயின் முனையில் வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்க ஒரு ஃபிளாப் இருக்கும்.

இன்னொன்று மின் பாதை. ப்ளக், கண்ட்ரோல் போர்டு, ரிலே, கெப்பாசிட்டர், மோட்டார் என்று இது போகும். கெப்பாசிட்டரை நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் கண்டன்சர் என்பார்கள். சீலிங் ஃபேனில் இருப்பதைப் போன்றதுதான்.

இந்த இரண்டில் பழுது எந்தப் பாதையில் என்று பிரித்து விட்டால் பாதி வேலை முடிந்தது. புரோகிராமில் பிழை தேடும்போதும் இதைத்தான் செய்கிறோம். நன்றாக இருக்கும் பாதியை முதலில் ஒதுக்கி விட்டால், மீதிப் பாதியில் மட்டும் தேடினால் போதும்.

முதலில் காதைத் தீட்டுங்கள்

சிம்னியில் இருக்கும் ப்ளோயர் ஒரு விசித்திரமான பிராணி. காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால் அது திணறும் என்றுதான் நினைப்போம். உண்மை நேர் எதிர். தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருப்பதால் மோட்டாருக்குச் சுமை குறைகிறது. அதனால் வேகம் கூடி, சத்தம் கீச்சென்று மேலே போகும். வேக்குவம் கிளீனரின் வாயைக் கையால் மூடிப் பாருங்கள், புரியும்.

எனவே சத்தம் பழையபடியோ அதைவிடக் கீச்சென்றோ இருந்து புகை மட்டும் போகவில்லை என்றால், காற்றுப் பாதையைச் சந்தேகியுங்கள். 'ம்ம்ம்' என்று உறுமல் மட்டும் வந்தாலோ, சக்கரம் சோம்பலாகச் சுற்றினாலோ மின் பாதையைச் சந்தேகியுங்கள்.

இது தெரியாமல் நான் முதலில் ஒரு தவறு செய்தேன். கெப்பாசிட்டர் வீக்காக இருக்கும் என்று நானே முடிவு கட்டி, கடையில் வாங்கி வந்து மாற்றினேன். ஒரு பயனும் இல்லை. மெக்கானிக் செய்த அதே தவறுதான். என்னுடையது விலை குறைந்த தவறு, அவ்வளவே.

கள்ளக்குறிச்சி வீடு: பேப்பர் சோதனை

இதற்குத் தேவை ஒரு பழைய செய்தித்தாள், ஒரு ஊதுபத்தி. கேஸ் அடுப்பை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடி விட்டுத் தொடங்குங்கள்.

1. சிம்னியை அதிக ஸ்பீடில் ஓட விட்டு, பேப்பரின் ஒரு தாளை ஃபில்டருக்குக் கீழே பிடியுங்கள். தாள் மேலே ஒட்டிக் கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் விழுந்து விட்டது.

2. சிம்னியை நிறுத்தி ஃபில்டரைக் கழற்றுங்கள். மீண்டும் ஓட விட்டு, ஒரு முழத்துக்குக் கீழே ஊதுபத்தியைக் காட்டுங்கள். இப்போது புகை வேகமாக உள்ளே போனால் ஃபில்டர்தான் அடைத்திருக்கிறது. ஃபில்டர் இல்லாதபோது பேப்பரையோ கையையோ கிட்டே கொண்டு போகாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போதும் புகை தயங்கித் தயங்கியே போனது.

3. ப்ளக்கைப் பிடுங்கி விட்டு, சிம்னியின் மேல் பக்கத்தில் டக்ட் குழாய் சேரும் இடத்தைக் கழற்றுங்கள். ஃபில்டரை மாட்டி, மறுபடியும் பேப்பர் சோதனை செய்யுங்கள். எங்கள் வீட்டில் தாள் பட்டென்று ஒட்டிக் கொண்டது!

ஆக, சிம்னியில் குறை இல்லை. குறை அதற்கு அப்பால், குழாயில் இருக்கிறது. வீட்டின் பின்பக்கம் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஃபிளாப்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பாதி திறந்த நிலையிலேயே நின்றிருந்தது. அதன் பின்னால் வைக்கோலும் இறகுமாக ஒரு பழைய குருவிக் கூடு. நல்ல வேளை, கூடு காலியாக இருந்தது. உங்கள் வீட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், அவை பறந்து போகும் வரை பொறுத்திருந்து எடுங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிம்னிக்கு 6 அங்குலக் குழாய் வேண்டும். சுவரில் துளை போட்டவர் 4 அங்குல பி.வி.சி. பைப்பைச் சொருகி, பெரிய குழாயை நசுக்கி அதற்குள் திணித்திருந்தார். 6 அங்குலத்துக்கும் 4 அங்குலத்துக்கும் 2 அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் காற்று போகும் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16-ஐ 36-ஆல் வகுத்தால் 44 சதவீதம். வழியில் பாதிக்கு மேல் அடைபட்டு விட்டது.

துளையைப் பெரிதாக்கி, 6 அங்குலக் குழாய் போட்டு, வளைவுகளையும் குறைத்தோம். கொத்தனார் கூலியோடு சேர்த்தும் மெக்கானிக் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை. குருவி நுழையாமல் இருக்க வெளியே அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை போதும். கொசுவலை போடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிச் சில மாதங்களில் அதுவே அடைப்பாகி விடும்.

கரியாலூர் மெஸ்: இரவில் மட்டும் வரும் பழுது

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போய், கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினால் கல்வராயன் மலை. அங்கே கரியாலூரில் என் நண்பன் ஒரு சிறிய மெஸ் நடத்துகிறான். அவன் சிம்னி மதியம் நன்றாக ஓடும். இரவு ஏழு மணிக்கு மேல் ஸ்விட்ச் போட்டால் உறுமும், சுற்றாது. அவனிடமும் 'மோட்டார் போச்சு' என்றே சொல்லியிருந்தார்கள்.

மதியம் ஓடும் மோட்டார் இரவில் எப்படிக் கெட்டுப் போகும்? வேளைக்கு வேளை மாறுவது எது? வோல்டேஜ்! ப்ளக்கில் செருகும் வோல்டேஜ் மீட்டர் ஒன்றை மாட்டிப் பார்த்தோம். மதியம் 215 வோல்ட், இரவு 172 வோல்ட். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் எல்லோரும் விளக்கும் டி.வி.யும் போடும் நேரத்தில் இப்படி இறங்குவது உண்டு.

மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குப் பதில் 172 வந்தால் விசை 56 சதவீதம்தான். ஆனாலும் இலேசான ப்ளோயர் சக்கரத்தைத் தொடங்க அதுவே போதுமே என்ற சந்தேகம் வந்தது. கெப்பாசிட்டரை அளந்தோம். மேலே 5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது. மீட்டர் காட்டியது 3.1. வோல்டேஜ் சரியாக இருந்தபோது இந்தக் குறை வெளியே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தபோது மோட்டார் நின்று விட்டது.

நூறு ரூபாய்ச் சில்லறைக்குப் புது கெப்பாசிட்டர். 172 வோல்ட்டிலும் சக்கரம் சுற்றியது. பிறகு ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கி வைத்தான். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு பழையதே இருக்க வேண்டும். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. இப்போது வரும் பி.எல்.டி.சி. மோட்டார் சிம்னிகளில் இந்தக் கெப்பாசிட்டர் கிடையாது. அவற்றைக் கம்பெனி ஆட்களிடம் விட்டு விடுங்கள்.

கதை இதோடு முடியவில்லை. சிம்னி நன்றாக ஓடத் தொடங்கியதும், அதே அறையில் சோறு வடிக்கும் விறகு அடுப்பின் புகை அதன் புகைக்கூண்டு வழியாக மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்பியது. காரணம் எளிது. சிம்னி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வர வேண்டும். குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள். காற்று வேறு வழியில்லாமல் விறகு அடுப்பின் புகைக்கூண்டு வழியே இறங்கியது. எதிர்ப் பக்க ஜன்னலைத் திறந்ததும் சரியாகி விட்டது.

மற்ற அறிகுறிகள்

* விளக்கே எரியவில்லை: ப்ளக், டிரிப்பர், கண்ட்ரோல் போர்டு என்ற வரிசையில் பாருங்கள்.
* ஒரு ஸ்பீட் மட்டும் வேலை செய்யவில்லை: மோட்டார் நன்றாக இருக்கிறது. பட்டனையோ ரிலேயையோ பாருங்கள்.
* பத்து நிமிடம் ஓடி நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது: மோட்டாரின் வெப்பப் பாதுகாப்பு வேலை செய்கிறது. பேரிங் இறுகியிருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம்.
* கடகடவென்று அதிர்கிறது: ப்ளோயர் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிசுக்கு ஏறியிருக்கும்.
* எண்ணெய் சொட்டுகிறது: எண்ணெய்த் தட்டு நிரம்பியிருக்கும். ஆட்டோ கிளீன் மாடலிலும் தட்டை நாம்தான் காலி செய்ய வேண்டும்.
* ஆன் செய்தால் டிரிப்பர் விழுகிறது: மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இவற்றை மறக்காதீர்கள்

மூடியைத் திறக்கும் முன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ப்ளக்கையே பிடுங்குங்கள். கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் இரு முனைகளையும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் சில விநாடிகள் இணைத்த பிறகே தொடுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் காற்றுப் பாதைச் சோதனையோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

உறுமிக் கொண்டு சுற்றாமல் நிற்கும் மோட்டாரை உடனே அணையுங்கள். காயில் எரிந்து விட்டால், இல்லாத பழுது உண்மையாகி விடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: கேஸ் கசியும் வாடை வந்தால் வாயுவை இழுத்து விடலாம் என்று சிம்னியைப் போடாதீர்கள். ஸ்விட்சிலோ ரிலேயிலோ வரும் ஒரு சிறு பொறி போதும். மேலும் சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது, தரையோரம் தங்கும். மேலே இருக்கும் சிம்னி அதை வெளியேற்றாது. எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து விட்டு, வெளியே போய் 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

ஒரிசாவில் கிடைத்த பாடம்

புகை சிறிய விஷயம் இல்லை. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. விறகுப் புகை மட்டும் அல்ல, அதிக சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையையும் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2010-இல் வெளியிட்ட தொகுப்பில் சேர்த்தது.

இன்று ஒடிசா எனப்படும் ஒரிசாவில் சுமார் 2,600 கிராமத்து வீடுகளில் புகைக்கூண்டு வைத்த மேம்பட்ட அடுப்புகளைக் கொடுத்து, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். முதல் ஆண்டில் புகை குறைந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் மறைந்து விட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பராமரிக்கவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்த அடுப்புதான் அது!

நம் வீட்டு சிம்னிக்கும் இது பொருந்தும். விளக்கு எரிவதும் சத்தம் வருவதும் சிம்னி வேலை செய்வதற்கு அடையாளம் இல்லை. புகை வெளியே போகிறதா என்பதே கேள்வி. எனவே மாதம் ஒரு முறை ஃபில்டரை வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஊற வைத்துக் கழுவுங்கள். காய்ந்ததும் மாட்டிப் பேப்பர் சோதனை செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியே போய் ஃபிளாப் திறக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் காலண்டரில் கிழித்த தாள்களைக் குப்பையில் போடுவதில்லை. அம்மா அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார். மாதப் பிறப்பன்று ஒன்றை எடுத்து ஃபில்டருக்குக் கீழே பிடித்துப் பார்த்து விட்டு எனக்கு போன் செய்கிறார்: "ஒட்டிக்கிச்சுப்பா."