எண்கள் உணர்த்தும் உண்மை

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 185 நாடுகளின் புற்றுநோய்த் தரவுகளை இணையத்தில் எவரும் காணுமாறு வழங்குகிறது. 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர் என்பது அதன் மதிப்பீடு.

இவ்வெண்களை ஆய்வாளர் அப்படியே ஒப்பிடுவதில்லை. வயது கூடுந்தோறும் புற்றுநோய் வாய்ப்பும் கூடும். முதியோர் மிகுந்த ஜப்பானோடு, இளையோர் மிகுந்த கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியை ஒப்பிட்டால், மலாவி நோய் குறைந்த நாடாகத் தோன்றும். எனவே, எல்லா நாடுகளுக்கும் ஒரே வயதுப் பகுப்பைப் பொருத்திக் கணக்கிடுவர். இதுவே 'வயது சீராக்கிய வீதம்' எனப்படும். அவ்வாறு கணக்கிட்டால், மலாவியின் கருப்பைவாய்ப் புற்றுநோய் வீதம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று எனத் தெரிகிறது. அந்நோயை உண்டாக்கும் வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. அது முதலில் எங்குச் சென்றுசேர வேண்டும் என்பதை முறையாகக் கணக்கிட்ட எண்ணே காட்டும்.