விழுகிற பக்கமே திருப்புங்கள்

நம்பிக்கை: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. சைக்கிளைச் சின்ன வயதிலேயே கற்றிருக்க வேண்டும்.

உண்மை: இதற்குப் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பக்கபலமாக நின்றார். கல் குவாரியில் வேலை பார்த்தவர்களும் விவசாயக் கூலிகளும் ஊரார் கேலிக்கு நடுவே ஓட்டிப் பழகினார்கள். அப்படிக் கற்ற கிராமப் பெண்கள் 1 லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு.

நம்பிக்கை: நாலு தடவை விழுந்து எழுந்தால் தானாக வந்துவிடும்.

உண்மை: மேடைப் பேச்சாளர்களுக்குப் பிடித்த வசனம். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். என் அக்கா 46 வயதில் சைக்கிள் பழகியபோது இரண்டு நாள் ஒரே மாதிரி விழுந்தாள். வண்டி இடப்பக்கம் சாயும். பதறிப்போய் ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடிப்பாள். தொப்பென்று இடப்பக்கமே விழுவாள். இரண்டு முட்டியிலும் சிராய்ப்பு. கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிய நான், “விட்றாதக்கா, விட்றாத” என்று கத்தியதைத் தவிர உருப்படியாக எதுவும் செய்யவில்லை.

சாய்கிற பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் சக்கரங்கள் நகர்ந்து உடம்பின் எடைக்கு அடியில் வந்து வண்டியை நிமிர்த்தும். இதைக் காதில் சொல்லிப் பயனில்லை, கைக்குப் பழக வேண்டும். அதற்கு நிறையச் சாய வேண்டும், ஆனால் அடிபடக் கூடாது. அடிபட்டால் அடுத்த முறை உடம்பு விறைத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் பெடல் இரண்டையும் கழற்றினோம். பாதம் தரையில் முழுசாகப் பதியும் அளவுக்கு சீட்டை இறக்கினோம். மைதானத்தில் காலால் உந்தி உந்தியே போனாள். ஐம்பது தடவையாவது சாய்ந்திருப்பாள், ஒரு தடவைகூட விழவில்லை. இருட்டுவதற்குள், இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்தடி தூரம் போனாள்.

குழந்தைகளுக்குப் பக்கச் சக்கரம் மாட்டுவது இதற்கு நேர்மாறு. சாயவே விடாத வண்டியில் சமாளிக்க எங்கே பழகுவது?

நம்பிக்கை: நேற்று வந்தது இன்று வரவில்லை; எல்லாம் மறந்துபோச்சு.

உண்மை: ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல் நடந்த மூளை அறுவைக்குப் பிறகு புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும்படி உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் சொன்னார். முதல் நாள் கோணல்மாணலாக வந்தது. மறுநாள், முந்தின நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. ஆனாலும் மூன்று நாளில் கை தேறிக்கொண்டே வந்தது. கை தன் பாடத்தை வேறு ஏட்டில் எழுதிக்கொள்கிறது. நேற்றுப் பழகிய சைக்கிளும் அந்த ஏட்டில்தான் இருக்கிறது.

நீங்களும் பெடலைக் கழற்றப்போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம்: இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். கடிகார முள் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். மாற்றி முறுக்கி மரையைக் கெடுத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.