பனிக்கட்டியில் பதிந்த பஞ்சக் கணக்கு

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் குடியானவர்கள் பெரியோர் வாய்மொழியாக அறிந்ததே. அவ்வறட்சிக்கு இமயமலைப் பனியும் சாட்சி கூறுகின்றது.

துருவப் பிரதேசங்களிலும் உயர்ந்த சிகரங்களிலும் பெய்யும் பனி, உருகாமல் வருஷத்திற்கொரு படலமாகப் படிந்து இறுகும். அவ்வக்காலத்துத் தூசியும் காற்றும் அதனுள் அடைபடும். ஆழ்துளைக் கிணறு தோண்டுவதுபோலத் துளைத்துப் பனித்தண்டை எடுத்து, விஞ்ஞானிகள் பழைய காலநிலையை அறிகின்றனர். தென்துருவப் பனி 8 லட்சம் வருஷச் சரித்திரத்தைக் காட்டுகின்றது.

திபெத்தைச் சார்ந்த தசுவோபு பனியாற்றில், சுமார் 7,200 மீட்டர் உயரத்தில், 1997-ல் இவ்வாறு தண்டுகள் எடுக்கப்பட்டன. 1876-77 வருஷத்துப் படலங்களில் தூசி மிகுந்திருந்தது. 1790 முதல் 1796 வரையிலான படலங்களோ அதனினும் கொடிய வறட்சியைக் காட்டின. ஆயிரம் வருஷங்களில் அதற்கு மேற்பட்டது வேறில்லை.

இப்பனி கூறுவது தென்மேற்குப் பருவமழையின் வரலாறு. கரிசல் பூமிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். ஆயினும் 1876-ல் சென்னை மாகாணத்தில் இரண்டுமே பொய்த்தன.

ஆகவே, ஒரு வருஷம் தவறிய மழை மறுவருஷம் தவறாதென்று நம்பியிருத்தல் தகாது. வரத்துக்கால்களை ஆக்கிரமிப்பின்றிக் காத்தலும், கண்மாயில் வண்டல் அகற்றிக் கரையைப் பலப்படுத்தலும், விதைத் தானியத்தை மறுவருஷத்திற்கும் சேமித்தலும் குடியானவர், கிராம அலுவலர் இருசாராரின் கடமையாகும்.