முதலை நீரில் மறையும் விதம்

உலர் வலயக் குளங்களை நம்பிக் கமஞ் செய்வோர் நாளொன்றுக்குப் பலமுறை நீர்க்கரைக்குச் செல்ல வேண்டியவராவர். மாடு கழுவுதல், இயந்திரத்தின் உறிஞ்சு குழாயை நீரில் இறக்குதல், துருசு பார்த்தல், வேலை முடிந்து குளித்தல் ஆகிய யாவும் கரையோரத்திலேயே நிகழ்கின்றன. முதலையும் இரைக்குக் காத்துக் கிடப்பது அவ்விடத்திலேயே. நீர்ப்பரப்பில் ஒன்றும் தென்படவில்லை என்பது, நீரில் ஒன்றும் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அஃது ஏன் என்பதை இப்பிராணியின் உடலமைப்பை அறிந்தால் விளங்கிக்கொள்ளலாம்.

இலங்கையில் இருவகை முதலைகள் உள்ளன. குளங்களில் பெரும்பாலும் காணப்படுவது சதுப்பு முதலை. களப்புகளிலும் ஆற்றுக் கழிமுகங்களிலும் வாழ்வது உவர்நீர் முதலை. இது பருமனிற் பெரியது. ஆற்றுவழியே நன்னீருக்குள்ளும் ஏறிவரும். நீர்வாழ்வுக்கேற்ற அமைப்பு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

தலையை முதலில் எடுத்துக்கொள்வோம். மூக்குத் துவாரங்கள் மூஞ்சி நுனியின் மேற்புறத்திலும், கண்களும் செவிகளும் தலையின் உச்சியிலும், ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைந்துள்ளன. ஆகவே பத்தடி நீளமான முதலை தன் உடல் முழுவதையும் நீருள் அமிழ்த்திவிட்டு, சிறு மேடுகள் சிலவற்றை மாத்திரம் வெளியே வைத்துக்கொண்டு, மூச்சுவிடவும் பார்க்கவும் கேட்கவும் வல்லது. தாமரையிலையும் சருகும் மிதக்கும் குளத்தில் அம்மேடுகளை வேறுபடுத்தி அறிதல் பழகிய கண்ணுக்கும் அரிது. முழுவதும் மூழ்கும்போது மூக்குத் துவாரங்கள் இறுக மூடிக்கொள்ளும். செவிகளை மடல்கள் அடைக்கும். கண்ணின் குறுக்கே ஒளிபுகும் மூன்றாம் இமையொன்று படரும்.

வாயின் அமைப்பு இன்னும் வியக்கத்தக்கது. முதலைக்கு உதடுகள் இல்லை. வாயை மூடியிருந்தாலும் நீர் உட்புகும். ஆயினும் நாக்கின் அடியிலிருந்து எழும் மடிப்பொன்றும் அண்ணத்திலிருந்து தொங்கும் மடிப்பொன்றும் சேர்ந்து தொண்டையை அடைத்துவிடும். மூக்கிலிருந்து செல்லும் காற்றுவழி அண்ணத்தின் மேலாகச் சென்று, இவ்வடைப்புக்குப் பின்னாலேயே திறக்கிறது. எனவே நீருக்குள் இரையைக் கவ்வியிருக்கும்போதே மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சுவிட அதனால் இயலும். இரைக்கோ அது இயலாது. கன்றையோ ஆட்டையோ பிடித்தவுடன் முதலை நீருக்குள் இழுக்க முயல்வது இதனாலாகும். விழுங்கும்போது மட்டும் அடைப்பைத் திறக்க வேண்டியிருப்பதால் தலையை மேலே உயர்த்தும்.

உடல் நீளத்தில் ஏறத்தாழ அரைவாசி வாலாகும். பக்கங்களில் தட்டையான அவ்வாலை வீசியே முதலை நீந்தும். கால்கள் உடலோடு ஒட்டிக் கிடக்கும். கரையிலுள்ள இரைமீது பாயும் வேகத்துக்கும் வாலின் வலிமை உதவுகிறது.

அலையெழுப்பாது அமிழ்வதற்கும் தனி ஏற்பாடு உண்டு. ஈரலை இடுப்போடு இணைக்கும் தசையொன்று ஈரலைப் பின்னே இழுக்க, நுரையீரலும் பின்னே நகரும். உள்ளிருக்கும் காற்று இவ்வாறு இடம் மாறுவதால் தலைப்பக்கம் தாழ்கிறது. வயிற்றிலுள்ள கற்களே முதலையை மூழ்கச் செய்கின்றன என்பர் சிலர். ஆயினும் அவற்றின் நிறை உடல் நிறையோடு ஒப்பிடுகையில் சொற்பமே. மூழ்கியபின் இதயத் துடிப்புக் குறைந்து, நுரையீரலுக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. வழக்கமாக 10 முதல் 15 நிமிடம் வரை மூழ்கியிருக்கும். அசையாது கிடப்பின் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் இருக்கக்கூடும். ஆகையால் கரையில் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டு இறங்குதல் போதிய பாதுகாப்பன்று.

தாடைத் தோலிற் காணப்படும் சிறு புள்ளிகள் அழுக்கல்ல. அவை நீரின் சிற்றலைகளை உணரும் உறுப்புகள். வாளி அமிழும் அசைவும் மாடு நீர் குடிக்கும் அசைவும் காரிருளிலும் அதற்கு எட்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே துறையில் இறங்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இரவில் நீர்கட்டச் செல்வோருக்கு ஓர் உதவியும் உண்டு: ரோச் விளக்கைக் கண்மட்டத்திற் பிடித்து நீர்ப்பரப்பைப் பார்த்தால், நீருக்கு மேலிருக்கும் முதலைக்கண் செந்தணல்போல் ஒளிரும்.

குளிக்கும் துறையை வேலியடைத்துக் கொள்வதே சிறந்த முறை. மாத்தறைப் பகுதியில் நில்வளா கங்கைக் கரையோர மக்கள் ஆற்றுக்குள் நெருக்கமாகக் கம்புகளை நட்டு, அவ்வடைப்பினுள் நின்று குளிப்பர். குளத்துறைக்கும் இது பொருந்தும், செலவும் அதிகமன்று.

வரட்சியிற் குளம் வற்றும்போது சதுப்பு முதலை கரையில் வளை தோண்டி அதனுள் கிடக்கும். அன்றேல் தரைவழியே நடந்து வேறு நீர்நிலை தேடும். அக்காலத்தில் வாய்க்காலிலோ தோட்டக் கிணற்றிலோ முதலையைக் கண்டால் அடிக்க வேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினால் இருவகை முதலைகளும் பாதுகாக்கப்பட்டுள்ளன. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து, அலுவலர் வரும்வரை பிள்ளைகளையும் கால்நடைகளையும் விலக்கி வைக்க வேண்டும். முதலையின் வாயைத் திறக்கும் தசைகள் பலவீனமானவை. அலுவலர் அதனைக் கயிற்றாற் கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அதைப் பார்த்து நாமும் கட்டலாமென முற்படுவோர், மூடும் தசைகளின் பலத்தையும் வால்வீச்சையும் மறந்துவிடலாகாது.